சபரிமலைக்குப் புறப்படுகிறீர்களா?
யாத்திரை போவோரும் அவரை அனுப்பும் வீட்டாரும் அறியவேண்டியவை

கார்த்திகை பிறந்துவிட்டால் காங்கேசன்துறை வீதியிற் கறுப்பும் நீலமும் உடுத்த அன்பர்கள் தோன்றிவிடுவார்கள். கோண்டாவில் ஐயப்பன் ஆலயத்திலே மாலை அணிந்துகொண்ட பிள்ளை கொக்குவிலில் உள்ள தன் வீட்டுக்கு வந்ததும், அவனைப் பெற்ற தாயே அவனைச் ‘சாமி’ என்று அழைக்கிறாள். அவனுக்கென்று வேறு பாத்திரம், வேறு பாய், விடியற்புறத்தே கிணற்றடியிற் குளிப்பு என்று வீடு முழுவதுமே விரதம் காக்கிறது. விரதத்தின் முறைகளைச் சொல்லிக்கொடுக்கக் குருசாமிமார் ஊருக்கு ஊர் இருக்கின்றனர். பிரயாணத்தின் முறைகளைச் சொல்லிக்கொடுப்பவர்களோ அரிது. இக்கட்டுரை பிரயாணத்தைப் பற்றியது மட்டுமே.

நடை யாத்திரை நமக்குப் புதிதன்று. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிற் புறப்பட்டுக் கதிர்காமம் வரையும் வாரக்கணக்காக நடந்துபோகிறவர்களை நாம் கண்டிருக்கிறோம். அந்த வழியில் நடப்பவருக்குக் கடவுச்சீட்டு வேண்டாம். ஊருக்கு ஊர் அன்னமிடுவார் உண்டு. களைத்தவர் ஒரு நாள் பிந்திப் போனாலும் கேட்பாரில்லை. சபரிமலை அப்படியன்று. அது வேற்று நாடு. மலையேறும் நாளும் நேரமும் முன்கூட்டியே குறிக்கப்படுகின்றன. பம்பையிலிருந்து சந்நிதானம் வரையுள்ள நடை ஏறக்குறைய 5 கிலோமீற்றர்தான். ஆயினும் அந்த ஐந்து கிலோமீற்றரை நன்றாக நடப்பதற்குக் கடலும் புகையிரதமும் பஸ்ஸுமாக நூற்றுக்கணக்கான கிலோமீற்றரை ஒழுங்காகக் கடந்திருக்கவேண்டும். 2025ஆம் ஆண்டில் இலங்கை அமைச்சரவை இந்த யாத்திரையைப் புனித யாத்திரையாக ஏற்றுக்கொள்ள அங்கீகாரம் அளித்தது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் இங்கிருந்து போய்வருகின்றனர் என்பதற்கு அதுவே சான்று.

அம்மானின் கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழியில் என் அம்மானோடு நானும் போயிருந்தேன். அவருக்கு அப்போது வயது 67. பள்ளிக்கூடத்திற் பல ஆண்டு கணக்குப் படிப்பித்தவர். எங்கள் திட்டம் தாளிலே அழகாக இருந்தது. பிற்பகல் விமானம், அன்றிரவே சென்னையிற் புகையிரதம், காலையில் வான், நண்பகலில் மலையேற்றம். விமானம் பிந்தியது, புகையிரதம் போய்விட்டது. இரவு முழுவதும் வாடகை வானிற் கண்விழித்து ஓடி, குறித்த நேரம் தவறிவிடுமே என்ற பதற்றத்துடன் பம்பையை அடைந்தோம். வெயில் உச்சியில் நிற்க, ஒரு வாய்க் கஞ்சியும் குடியாமல் நீலிமலையில் ஏறத்தொடங்கினோம்.

அப்பாச்சிமேட்டில் அம்மான் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்து வியர்வை ஆறாக ஓடியது. வழியிலிருந்த அவசர வைத்திய நிலையத்தில் ஒட்சிசன் கொடுத்தார்கள். ஒரு மணித்தியாலத்தின் பின் இளம் வைத்தியர் ஒருவர் மிகுந்த மரியாதையோடு, “சாமி, இன்றைக்கு மேலே போகக்கூடாது” என்றார். 41 நாள் விரதமிருந்தவர், சந்நிதானத்துக்குப் பாதி வழியில் நின்று, இருமுடியைக் கூட வந்த ஓர் இளைஞரிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பினார். நானும் அவரோடு இறங்கினேன். பம்பைக் கரையில் நெடுநேரம் பேசாதிருந்தவர் பின்பு சொன்னார்: “தம்பி, இது கடைசி வரியிலை இருந்து செய்யிற கணக்கு. நாங்கள் முதல் வரியிலை தொடங்கிப்போட்டம்.”

அவர் சொன்னதே இந்தக் கட்டுரையின் சாரம். வீட்டிலிருந்து மலையை நோக்கித் திட்டமிடாதீர்கள். மலையிலிருந்து வீட்டை நோக்கித் திட்டமிடுங்கள்.

எப்போது போவது?

முதலில் முடிவுசெய்யவேண்டியது மலையேறும் நாள். கார்த்திகை முதல் நாளை ஒட்டி, நவம்பர் நடுப்பகுதியில் நடை திறந்து, 41 நாள் மண்டல காலம் நடைபெறும். டிசம்பர் 26 அல்லது 27இல் மண்டல பூசை. சில நாள் நடை சாத்தியிருந்து, டிசம்பர் இறுதியில் மீண்டும் திறக்கப்படும். சனவரி 14ஐ ஒட்டி மகரவிளக்கு.

மகரவிளக்கைக் காண யாருக்குத்தான் ஆசை இல்லை? ஆயினும் சனநெரிசல் விளையாட்டன்று. 1999 சனவரி 14இல் பம்பையிலே ஐம்பதுக்கு மேற்பட்டோரும், 2011 சனவரி 14இற் புல்லுமேட்டிலே நூற்றுக்கு மேற்பட்டோரும் உயிரிழந்தனர். இரண்டும் மகரவிளக்கு நாள்களே. முதியவரையும் சிறுவரையும் கூட்டிச் செல்வோர் அந்த நாள்களைத் தவிர்ப்பதே நன்று.

பலர் நினையாத ஒரு வழி உண்டு. மலையாள மாதம் ஒவ்வொன்றின் முதல் ஐந்து நாளும் நடை திறந்திருக்கும். முதல் நாளுக்கு முந்திய மாலையிலேயே திறந்துவிடுவார்கள். மலையாள மாதமும் நம் மாதமும் ஏறக்குறைய ஒன்றாகவே பிறப்பதால், நாட்காட்டியிற் கண்டுபிடிப்பது எளிது. பருவகாலத்தோடு ஒப்பிட்டால் இந்த நாள்களிற் கூட்டம் பெரிதும் குறைவு. விரதத்தை அதற்கேற்ப முன்னதாகத் தொடங்கினால் முறையிலும் குறைவில்லை. இருதய நோயோ மூட்டு வலியோ உள்ளவர்களுக்கு மாசி மாத நடைதிறப்பையே நான் சொல்வேன். அப்பொழுது மழை குறைந்திருக்கும், கடலும் அடங்கியிருக்கும்.

எந்த நாளானாலும், திருவிதாங்கூர் தேவஸ்வம் சபையின் இணையவழி வரிசைப் பதிவைச் செய்துகொண்டே புறப்படவேண்டும். கடவுச்சீட்டு இலக்கத்தைக் கொண்டு ஒவ்வொருவருக்கும் நாளும் நேரமும் குறித்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற எல்லை உண்டு. அங்கே சென்று நேரிற் பதிவதற்கும் இடமுண்டெனினும், அதன் எண்ணிக்கையும் இடங்களும் ஆண்டுக்காண்டு மாறுகின்றன. கடல் கடந்து போகிறவர் அதை நம்பிப் போகலாகாது. பதிவுச் சீட்டைத் தாளில் அச்சிட்டு இரண்டு பிரதி வைத்திருங்கள்.

பெண்களின் வயது பற்றிய கோயில் வழக்கமும், 2018ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், அதைத் தொடர்ந்த மறுபரிசீலனை வழக்குகளும் வாசகர் அறிந்தவை. குடும்பமாகப் புறப்படுவோர் அவ்வாண்டின் நடைமுறையைப் பதிவுக்கு முன்னரே விசாரித்தறிந்தால், வழியில் மனவருத்தம் நேராது.

தாள்கள்

கடவுச்சீட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். பிரயாண நாளிலிருந்து ஆறு மாதமாயினும் அது செல்லுபடியாகவேண்டும். இரண்டு வெற்றுப் பக்கமாவது இருக்கவேண்டும். முன்பு வவுனியாவுக்கோ கொழும்புக்கோ ஓடவேண்டியிருந்த இந்த அலுவலை, 2025 செப்ரெம்பர் தொடக்கம் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலேயே முடித்துக்கொள்ள வசதி ஏற்பட்டிருக்கிறது.

அடுத்தது இந்திய விசா. கடவுச்சீட்டில் ஒட்டித் தரும் விசாவும் உண்டு. இணையவழி விசாவும் உண்டு. இணையவழி விசா பெறுவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அது எல்லாத் துறைமுகங்களிலும் விமான நிலையங்களிலும் செல்லாது. அதற்கெனக் குறித்த இடங்களில் மட்டுமே செல்லும். நீங்கள் இறங்கப்போகும் இடம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். அரசாங்கத் தளம் போலவே தோற்றமளித்து, இரட்டிப்புப் பணம் வாங்கும் இடைத்தரகர் தளங்களும் உள்ளன. வீட்டிலுள்ள படித்த பிள்ளையை அருகில் இருத்திக்கொண்டு செய்வது நன்று. பெயரின் எழுத்துக்கள் கடவுச்சீட்டிலும் விசாவிலும் வரிசைப் பதிவிலும் விமானச் சீட்டிலும் ஒன்றுபோல் இருக்கவேண்டும். தகப்பன் பெயரை ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்திற் பின்னும் எழுதுகிற நம் வழக்கம் இங்கே தொல்லை தரும்.

கடலைக் கடத்தல்

நம் பாட்டன்மாருக்கு இந்தப் பிரச்சினை இருக்கவில்லை. 1914இல் தொடங்கிய தலைமன்னார் – தனுஷ்கோடி கப்பற் சேவையினால், யாழ்ப்பாணத்தார் மதவாச்சியில் வண்டி மாறித் தலைமன்னார் சென்று, அங்கே கப்பலேறி, அக்கரையில் மறுபடியும் புகைவண்டியிற் குந்திவிட்டார்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பின் இராமேசுவரத்துக்கு ஓடிய கப்பலும் எண்பதுகளிற் போரினால் நின்றது.

இன்று நம்முன் உள்ளவை மூன்று வழிகள்.

முதலாவது, பலாலி. யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்ரோபரில் திறக்கப்பட்டது. சென்னைக்குரிய சேவை அவ்வாண்டு நவம்பரில் ஆரம்பித்து, கொரோனாத் தொற்றினால் 2020இல் நின்று, 2022 டிசம்பரில் மீண்டது. 2025 மார்ச் இறுதியிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கும் விமானம் விடப்பட்டது. கொக்குவிலிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் விமான நிலையத்தில் நிற்கலாம் என்பது இதன் பெருஞ் சிறப்பு. விமானங்கள் சிறியவை, ஆசனங்கள் விரைவில் நிரம்பிவிடும், பொதி நிறையும் அளவுக்குட்பட்டது. மார்கழி மழையில் நேர மாற்றமும் நேரக்கூடும்.

இரண்டாவது, காங்கேசன்துறை. நாகபட்டினத்துக்கான பயணிகள் கப்பல் 2023 ஒக்ரோபர் 14இல் ஆரம்பித்து, சில நாளில் நின்று, 2024 ஓகஸ்ரில் மீண்டும் தொடங்கியது. கடற்பிரயாணம் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம். ஆனால் வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் சேவை நிறுத்தப்படுவது வழக்கமாகியிருக்கிறது. மண்டல காலமும் அந்த மாதங்களே. ஆகையால் கார்த்திகை, மார்கழியிற் போகும் அன்பர்கள் கப்பலை நம்பித் திட்டமிடலாகாது. மாசி, பங்குனியிற் போவோர் சேவை நடைபெறுகிறதா என்று விசாரித்துப் பயன்படுத்தலாம்.

மூன்றாவது, கட்டுநாயக்கா. இராப் பஸ்ஸில் இருந்து களைத்துப் போகவேண்டியிருந்தாலும், திருவனந்தபுரம், கொச்சி, மதுரை, திருச்சி, சென்னை ஆகிய எல்லாவற்றுக்கும் அங்கிருந்து விமானமுண்டு. திருவனந்தபுரத்திலோ கொச்சியிலோ இறங்கினால் இந்தியத் தரைப் பிரயாணம் அரைநாளில் முடிந்துவிடும். சென்னையில் இறங்குவோருக்கு அது ஓரிரவும் ஒரு பகலுமாகும். இளைஞர் குழுவுக்குப் பலாலியும் சென்னையும் சிக்கனம். முதியவருக்குக் கொழும்பும் திருவனந்தபுரமும் சுகம். பணத்தை மட்டும் பார்த்து இதைத் தீர்மானிக்கக்கூடாது. மலையடியில் நிற்கும்போது கால்களில் எவ்வளவு பலம் மிஞ்சியிருக்கும் என்பதையும் கணக்கிற் சேர்க்கவேண்டும்.

மலையடி வரை

புகையிரதத்திற் போவோருக்கு உரிய நிலையங்கள் செங்கன்னூரும் கோட்டயமும் ஆகும். செங்கன்னூரிலிருந்து பம்பை ஏறக்குறைய 90 கிலோமீற்றர். கோட்டயத்திலிருந்து எருமேலி ஏறக்குறைய 50 கிலோமீற்றர். சென்னையில் மாலையிற் புறப்படும் வண்டி மறுநாட் காலையில் அங்கே சேரும். இந்தியப் புகையிரதங்களில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் அது 120 நாளாக இருந்தது. பழைய குருசாமிமார் நாலு மாதக் கணக்குச் சொன்னால் குழம்பவேண்டாம். பருவகாலத்தில் ஆசனங்கள் திறந்த நாளிலேயே முடிந்துவிடுவதும் உண்டு.

திருச்சியிலோ மதுரையிலோ இறங்குவோர் தேனி, கம்பம், குமுளி வழியாகப் பஸ்ஸிலோ வானிலோ மலைத்தொடரைக் கடந்து, வண்டிப்பெரியாறு வழியே எருமேலிக்குப் போகலாம். வளைவுகள் மிகுந்த மலைப்பாதை அது. நம் குடாநாட்டுச் சமதரையிற் பழகியவர்களுக்குத் தலைசுற்றும், வயிற்றைக் குமட்டும். அப்பகுதியைப் பகலிற் கடப்பதும், வெறும் வயிறாகவோ முழு வயிறாகவோ இராமற் சிறிது உண்டு ஏறுவதும் நல்லது.

சொந்த வாகனத்திலும் வாடகை வானிலும் செல்வோர் நிலக்கல்லில் வண்டியை நிறுத்திவிட்டு, அங்கிருந்து 20 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரத்தைக் கேரள அரசுப் பஸ்ஸிற் கடந்து பம்பைக்குப் போவதே 2018 வெள்ளத்தின் பின் ஏற்பட்ட முறை. பருவகாலத்தில் இந்த ஒரு சிறு தூரத்துக்குக் காத்திருப்பே இரண்டு மூன்று மணித்தியாலமாகலாம். குறித்த நேரத்துக்கு இதையும் கழித்துக்கொள்ளுங்கள். வானை விட்டிறங்குமுன் அது நிற்குமிடத்தையும் சாரதியின் தொலைபேசி இலக்கத்தையும் எல்லோரும் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். ஆயிரக்கணக்கான வண்டிகளுக்கிடையிலே தம் வண்டியைத் தேடி அழுதவர்கள் பலர்.

எருமேலியிலிருந்து அழுதை, கரிமலை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து பம்பையை அடைவதே பழைய மரபு. அது 40 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நடை. யானை நடமாடும் காடு. வனத்துறை குறித்த பகல் நேரங்களில் மட்டுமே விடுவார்கள். முன்பு போன ஒருவர் கூட இல்லாத குழு அந்த வழியை நினைக்கவே கூடாது.

பின்னோக்கி எண்ணுங்கள்

இப்போது அம்மானின் கணக்கைப் போடுவோம். மலையேறும் நாள் ஒன்று. அதற்கு முந்திய இரவு செங்கன்னூரிலோ எருமேலியிலோ நிலக்கல்லிலோ படுத்து உறங்கவேண்டும். இது ஒரு நாள். அதற்கு முன் இந்தியத் தரைப் பிரயாணத்துக்கு ஓர் இரவும் பகலும். அதற்கு முன் கடலைக் கடக்கும் நாள். இவற்றுக்கிடையே, ஏதாவது பிந்தினால் விழுங்கிக்கொள்ள ஒரு வெற்று நாள். ஆகவே மலையேறும் நாளுக்கு நாலு நாள் முன்னதாகக் கொக்குவிலை விட்டுப் புறப்படவேண்டும். திரும்பும்போது மலையிறங்கி ஓரிரவு ஓய்வு, தரைப் பிரயாணம், மற்றொரு வெற்று நாள், கடல். எல்லாம் சேர்த்து எட்டு ஒன்பது நாள். இதை ஐந்து நாளாகச் சுருக்குகிறவர்கள் வெற்று நாளையும் உறக்கத்தையுமே வெட்டுகிறார்கள். எங்கள் குழு வெட்டியதும் அவற்றைத்தான். அந்தக் கடனை மலை வட்டியோடு வாங்கிக்கொண்டது.

கால்களைப் பழக்குதல்

குடாநாட்டிலே மலையில்லை. நம்மிற் பலர் ஆயுளில் ஏறிய மிகப் பெரிய ஏற்றம் ஒரு மாடிப்படியாகத்தான் இருக்கும். ஆகவே மாலை அணிந்த நாளிலிருந்தே நடக்கத் தொடங்குங்கள். முதல் வாரம் கொக்குவிலிலிருந்து கோண்டாவில் ஆலயத்துக்குப் போய்வருக. அடுத்த வாரம் நல்லூருக்குப் போய்வருக. முதலிற் செருப்புடன், பின் சிறிது சிறிதாக வெறுங்காலுடன். வாரத்தில் இரண்டு நாள் மாடிக் கட்டிடமொன்றின் படிகளில் ஏறியிறங்குக. மூச்சு வாங்கும்போது பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச முடியாவிட்டால் வேகம் அதிகம் என்பது பொருள்.

நாற்பது வயதைக் கடந்தவர் புறப்படுமுன் வைத்தியரைக் காண்பது அவசியம். நெஞ்சுவலி, நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளோர் விரதத்தின் பெயரால் மருந்தை நிறுத்தலாகாது. கேரளச் சுகாதாரத் துறையும் இதையே ஆண்டுதோறும் வற்புறுத்துகிறது. நீரிழிவுக்காரருக்கு வெறுங்கால் நடை இருமடங்கு ஆபத்து. முள் தைத்தாலும் தெரியாது. இரவில் உறங்குமுன் ஒருவர் காலை மற்றவர் விளக்கு வெளிச்சத்திற் பார்த்துக்கொள்வது குழுவின் வழக்கமாகட்டும்.

பையும் இருமுடியும்

விமானத்திற் போவோர் கர்ப்பூரம், தீப்பெட்டி ஆகியவற்றை எந்தப் பையிலும் வைக்கக்கூடாது. அவை எளிதிற் தீப்பற்றும் பொருள்கள், சோதனையிற் பறித்துவிடுவார்கள். நெய் நிறைத்த தேங்காய் கையிற் கொண்டுசெல்லும் பையில் அனுமதிக்கப்படுமா என்பதும் காலத்துக்குக் காலம் மாறுகிறது. சீட்டு வாங்கும்போதே விமானக் கம்பனியிடம் கேட்டு, விடையை எழுத்திற் பெறுங்கள். இந்தத் தொல்லையே வேண்டாமென்று, இக்கரையில் மாலையும் அக்கரைக் கோயிலொன்றில் இருமுடிக் கட்டுமாக வைத்துக்கொள்வது உசிதம்.

இருமுடியிற் பிளாஸ்ரிக் பொருள் எதுவும் இருக்கக்கூடாதென்பது கேரள உயர் நீதிமன்றத்தின் கட்டளை. கர்ப்பூரம், ஊதுவத்தி, பன்னீர் ஆகியவற்றையும் தவிர்க்கும்படி 2024இற் கோயில் தந்திரி கேட்டுக்கொண்டார். அரிசி, நெய்த்தேங்காய், வெற்றிலை பாக்கு முதலிய இன்றியமையாதவை போதும். சுமை குறைந்தால் மூச்சும் மிஞ்சும்.

தோட்பையில் இருக்கவேண்டியவை: ஒரு மாற்றுடை, போர்வை, மழைச் சட்டை, துவாய், கைவிளக்கு, உலோகத் தண்ணீர்ப் போத்தல், தினசரி மருந்து இரண்டு நாள் மிகையாக, கடவுச்சீட்டின் பிரதி. கடவுச்சீட்டின் மூலத்தை இடுப்பிற் கட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் பெயர், இரத்த வகை, உண்ணும் மருந்து, குருசாமியின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை எழுதிய அட்டையொன்றைக் கழுத்திற் கட்டியிருக்கவேண்டும். மயங்கி விழுந்தவருக்காக அந்த அட்டையே பேசும்.

அங்கே சிறு கடையிலும் கைத்தொலைபேசி மூலமே பணம் வாங்குகிறார்கள். இந்திய வங்கிக் கணக்கில்லாத நமக்கு அது பெரும்பாலும் உதவாது. ஆகவே சில்லறை நோட்டாகப் பணம் வைத்திருங்கள். இந்திய சிம் அட்டையை இறங்கிய இடத்திலேயே வாங்குங்கள். வேலைசெய்யத் தொடங்கச் சில மணித்தியாலம் எடுக்கும். கடிகாரத்தை மட்டும் திருப்பவேண்டியதில்லை. இரு நாட்டுக்கும் நேரம் ஒன்றே.

மலையில்

பம்பையில் நீராடும்போது மூக்கினுள் நீர் புகாமற் பார்த்துக்கொள்ளுங்கள். நீரில் வாழும் அமீபாவினால் வரும் மூளைக் காய்ச்சலைக் கருதிக் கேரளச் சுகாதாரத் துறை 2025இல் இந்த எச்சரிக்கையைக் கொடுத்தது. குடிப்பதற்குக் கொதித்தாறிய நீரே உகந்தது. வழிநெடுகச் சுக்கு நீர் கொடுப்பார்கள்.

நீலிமலையும் அப்பாச்சிமேடுமே கடினமானவை. சபரிபீடத்தைத் தாண்டினால் ஏற்றம் தணிந்துவிடும். செங்குத்து ஏற்றம் ஆகாதவர்களுக்குச் சுவாமி ஐயப்பன் வீதி என்ற மற்றொரு வழியுண்டு. அது சற்றுச் சாய்வானது. மரக்கூட்டத்தில் மற்றப் பாதையோடு சேரும். நடக்கவே முடியாதவர்களுக்கு டோலியுண்டு. அதன் கூலியை அறிவித்திருக்கும் பலகையைப் பார்த்து, ஏறுமுன்னரே பேசிக்கொள்ளுங்கள்.

விடியுமுன் அல்லது மாலையில் ஏறுங்கள். வயிறு நிறைய உண்டு ஏறவேண்டாம், பட்டினியாகவும் ஏறவேண்டாம். குழுவில் மிக மெதுவாக நடப்பவரை முன்னே விடுங்கள். அவருடைய வேகமே குழுவின் வேகம். நெஞ்சு இறுகினாலோ, இடத்தோள் வலித்தாலோ, கண் இருண்டாலோ அந்த இடத்திலேயே நின்று உதவி கேளுங்கள். வழியெங்கும் அவசர வைத்திய நிலையங்கள் இருப்பது அதற்காகத்தான். ‘சரணம் சொல்லிக்கொண்டு ஏறினாற் சரியாகிவிடும்’ என்று ஒருவரையும் உந்தாதீர்கள்.

நெய்யபிஷேகம் முற்பகலோடு நின்றுவிடும். பிற்பகலிற் சேருவோர் மேலே ஓரிரவு தங்க ஆயத்தமாயிருக்கவேண்டும். இறங்கும்போது முழங்கால்களே முழுப் பாரத்தையும் தாங்குகின்றன. ஏறியதைப் போலவே இறங்குவதற்கும் நேரம் கொடுங்கள்.

வீட்டிலிருப்போருக்கு

யாத்திரை போகிறவர் மட்டும் அறிந்திருந்தாற் போதாது. நாள்வாரியான திட்டத்தை, தங்குமிடங்களின் பெயரோடும் தொலைபேசி இலக்கங்களோடும் எழுதி, வீட்டில் விளக்கு வைக்கும் இடத்தில் ஒட்டிவிடுங்கள். மலையிற் கைத்தொலைபேசி எட்டாத நேரமும் உண்டு. ‘இத்தனை மணிவரை செய்தி வராது, பயப்படவேண்டாம்’ என்று முன்னரே சொல்லிவையுங்கள். அன்று அப்பாச்சிமேட்டில் நாங்கள் இருந்தபோது, கொக்குவிலில் என் மாமி இரவு முழுவதும் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு விழித்திருந்தார். அந்த ஓரிரவை நாங்கள் அவருக்குத் தவிர்த்திருக்கலாம்.

அம்மான் வைத்தியரின் சொற்படி ஓராண்டு நடந்தார். விடியற்காலையில் கோண்டாவிலுக்குப் போய்வருவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. அடுத்த ஆண்டு மாசி நடைதிறப்புக்கு நாங்கள் கொழும்பு வழியாகத் திருவனந்தபுரம் போனோம். செங்கன்னூரில் ஒரு முழு இரவு உறங்கினோம். அதிகாலையிற் பம்பையில் இறங்கி, சுவாமி ஐயப்பன் வீதியால் நடந்தோம். இடைக்கிடை இருந்து இருந்து, ஏறி முடிக்க நான்கு மணித்தியாலம் சென்றது. எங்களைக் கடந்துபோன இளஞ் சாமிமார் பலர். அம்மானுக்கு அதனால் ஒரு குறையுமில்லை.

பதினெட்டாம்படியின் அடியில் ஒரு கணம் நின்று, தலையிலிருந்த இருமுடியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்தார். “தம்பி, விடை சரி” என்றார். பின்பு ஏறினார்.